மின்வெட்டும் ஒரு அப்டேட்டும்

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியைக் கோவைக்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். காற்றுப் பருவம் முடிந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓய்ந்ததும் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. கணபதியின் லேத் பட்டறைகள், பீளமேட்டுப் பம்ப் கம்பெனிகள், திருப்பூரின் நிட்டிங் யூனிட்டுகள் எல்லாம் டீசலை ஊற்றி ஓடின. ஊற்ற முடியாதவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். எரிந்த மோட்டார்களையும் போன ஷிஃப்டுகளையும் பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதின. அலுவலக மூலையில், மேசைக்கடியில், பில்லிங்கையும் ஸ்டாக்கையும் சுமந்துகொண்டு ஓடிய லினக்ஸ் சர்வர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்தச் சர்வர்களுக்கு யுபிஎஸ் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் கரண்ட் வந்து ஒரு மணி நேரம் போகிற ஊரில் பேட்டரி முழுதாக ஏற நேரம் கிடைக்காது. இருபது நிமிடம் தாங்க வேண்டியது ஐந்தே நிமிடத்தில் கைவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து சர்வர் தன் மென்பொருளை அப்டேட் செய்துகொண்டிருந்தால்? பழைய கோப்பு பாதி, புதிய கோப்பு பாதி. கரண்ட் திரும்பி வந்ததும் அலுவலகத்திலிருந்து போன் வரும்.

"ஏனுங்க, எதப் போட்டாலும் இங்கிலீஷ்ல ஒரே வரி வந்து நிக்குதுங்க. வேற ஒண்ணும் பண்ண உடமாட்டீங்குது."

"பயப்படாதீங்க. நான் சொல்றத அப்படியே அடிங்க. டி, பி, கே, ஜி. ஒரு ஸ்பேஸ். ரெண்டு கோடு..."

டெபியன் அல்லது உபுண்டு சர்வரைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் அந்த ஒற்றை வரி பரிச்சயம். 'டிபிகேஜி பாதியில் தடைபட்டது, மிச்சத்தை முடிக்க இந்தக் கட்டளையைக் கொடுங்கள்' என்பது அதன் பொருள். கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். சில நிமிடங்களில் சர்வர் எழுந்து உட்கார்ந்துவிடும். எரிச்சலோடு பார்க்கப்படுகிற அந்த வரியைத்தான் பேக்கேஜ் நிர்வாகத்தின் மிக நேர்த்தியான கண்டுபிடிப்பு என்று சொல்வேன். மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று எதிர்பார்த்தே கட்டிய ஒரு பொறி அது.

ஐயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் திட்டத்தை அறிவித்தார். தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்தார், டெபியன் ஆயிற்று. மென்பொருளை நிறுவி நீக்கும் அதன் பேக்கேஜ் மேலாளரான டிபிகேஜி முதலில் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தது. பிறகு பெர்ல் மொழிக்கு மாறியது. 1994இல் ஐயன் ஜாக்சன் அதன் பெரும்பகுதியை சி மொழியில் எழுதினார். இன்று உலகெங்கும் ஓடும் டிபிகேஜியின் எலும்புக்கூடு அன்று போட்டதுதான்.

டெபியன் பேக்கேஜ் ஒன்றைப் பிரித்தால் உள்ளே மூன்றே உருப்படிகள் இருக்கும். முதலாவது, 2.0 என்று மட்டும் எழுதிய குட்டிக் கோப்பு. அது வடிவத்தின் பதிப்பு எண். இரண்டாவது நிர்வாகக் காகிதங்கள்: பேக்கேஜின் பெயர், பதிப்பு, அதற்கு வேறு எவையெல்லாம் தேவை, நிறுவும் முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்டுகள். மூன்றாவதுதான் சரக்கு, அதாவது டிஸ்க்கில் போய் உட்கார வேண்டிய கோப்புகள்.

இந்தச் சரக்கை டிபிகேஜி எப்படி இறக்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிய கோப்பைப் பழையதன் மேல் நேரடியாக எழுதுவதே இல்லை. பக்கத்திலேயே, பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு தனியாக எழுதுகிறது. முழுவதும் எழுதி முடித்து, அது டிஸ்க்கில் உறுதியாக விழுந்ததா என்று இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரே வீச்சில் பெயரை மாற்றுகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பெயர் மாற்றம் பிளக்க முடியாத செயல். ஒன்று நடந்திருக்கும், இல்லையேல் நடந்திருக்காது. இடைப்பட்ட நிலை கிடையாது. எந்த நொடியில் மின்சாரம் போனாலும் அந்தப் பெயரில் முழுப் பழைய கோப்பு இருக்கும் அல்லது முழுப் புதிய கோப்பு இருக்கும்.

'டிஸ்க்கில் விழுந்ததா என்று கேட்டு' என்ற அந்தச் சின்னப் படி சண்டை போட்டு வந்தது. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வேகத்துக்காகத் தரவை உடனே எழுதாமல் சற்றுத் தள்ளிப்போடும். பெயர் மாறிவிடும், உள்ளடக்கம் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பூஜ்ய அளவுள்ள கோப்பு மிஞ்சும். 2010 வாக்கில் டிபிகேஜி ஒவ்வொரு கோப்புக்கும் உறுதி கேட்கத் தொடங்கியது. பலருக்கு நிறுவல் ஆமை வேகம் ஆயிற்று. வேகம் போய்விட்டதே என்று கூச்சல் கிளம்பியது. உறுதியை விடாமல், கேட்கும் முறையை மட்டும் திருத்திச் சமாளித்தார்கள். நிலையான மின்சாரம் உள்ள ஊரில் உட்கார்ந்து பார்த்தால் இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். அன்றைய மின்வெட்டில் தவித்த சோமனூர்க்காரரிடம் கேட்டால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

கோப்புகள் இறங்கியபின் அமைப்பு வேலை தொடங்கும். பயனர் கணக்கு உருவாக்குவது, சேவையை மறுபடி தொடங்குவது போன்றவை இந்தக் கட்டத்தில் நடக்கும். இத்தனைக்கும் நடுவில் டிபிகேஜி தன் நிலைக் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போகிறது: பாதி நிறுவப்பட்டது, பிரிக்கப்பட்டது, பாதி அமைக்கப்பட்டது, நிறுவப்பட்டது. நீக்கிய பின்னும் அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சமிருந்தால் அதற்கும் தனி நிலை உண்டு. இந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். சர்வரில் உள்ள பேக்கேஜ்களின் மொத்த நிலவரமும் அதில் இருக்கிறது. பின்னால் தேவைப்படும் என்று டெபியன் அதற்குத் தினமும் நகல் எடுத்து வைக்கவும் செய்கிறது. நிலைக் கோப்பு தொலைந்த சர்வரை மீட்டவர்களுக்குத்தான் அந்த நகலின் அருமை தெரியும்.

இன்னொரு சந்தேகம் வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அதன் காலடியிலிருந்து உருவினால் அது விழாதா? விழாது. லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, டிஸ்க்கில் உள்ள கோப்பு வேறு. பெயர் புதிய கோப்புக்குப் போய்விட்டாலும், பழையதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை மூடும்வரை பழையது டிஸ்க்கிலேயே இருக்கும். அதனால்தான் ஆட்கள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வரில் அப்டேட் நடக்கிறது. இதே காரணத்தால் ஓர் ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஓட்டையை அடைத்த புதிய லைப்ரரி டிஸ்க்கில் வந்துவிட்டது, நிரலோ பழைய ஓட்டையையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி, எந்தெந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று தேடிச் சொல்லும். கர்னல் மாறினால் மெஷினையே ரீபூட் செய்ய வேண்டும். முந்நூறு நாளாக ரீபூட் ஆகாத சர்வர் என்று பெருமைப்படுகிறவரைக் கண்டால் எனக்குக் கவலைதான் வருகிறது.

இனி, ஒரு பேக்கேஜ் இன்னொன்றைச் சார்ந்திருக்கும் கதை. திருப்பூர் டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஒரு மில்லில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம் வேறிடத்தில், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் ஆளுக்கொரு யூனிட், ஜாப் ஒர்க். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயத்தோடு நேரடிச் சம்பந்தமில்லாத தையல்காரர்களும் கை கட்டி உட்கார்ந்தார்கள். லினக்ஸ் சர்வரின் மென்பொருளும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. வெப் சர்வர் தானே மறையாக்கம் செய்வதில்லை, ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியிடம் கொடுக்கிறது. சுருக்குவதற்கு இன்னொரு லைப்ரரி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் சி லைப்ரரி.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 64,419 பேக்கேஜ்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் 69,830. ஒவ்வொன்றும் 'இது வேண்டும், இந்தப் பதிப்புக்குக் கீழே கூடாது, அதனோடு சேர்ந்து இருக்க மாட்டேன்' என்று நிபந்தனை போடுகிறது. கேட்ட ஒரு பேக்கேஜை நிறுவ, எல்லா நிபந்தனைகளும் பொருந்தும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இது எவ்வளவு கடினம்? ஈடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் 2000களின் நடுவில் இதைக் கணித முறையில் ஆராய்ந்தார்கள். கணினியியலில் மிகக் கடினமானவை என்று பெயரெடுத்த என்பி-முழுமை வகைச் சிக்கல்களில் இதுவும் ஒன்று என்று நிறுவினார்கள். மோசமான சூழலில், பேக்கேஜ் எண்ணிக்கை கூடக் கூடத் தேட வேண்டிய சேர்க்கைகள் வெடித்துப் பெருகும். நடைமுறையில், சார்ந்த பேக்கேஜ்களைத் தேடித் தரும் டெபியனின் ஆப்ட் கருவி சில நொடிகளில் விடை சொல்லிவிடுகிறது. பேக்கேஜ்களைப் பராமரிக்கிற மனிதர்கள் நிபந்தனைகளைப் பொறுப்பாக எழுதுவதும், முரண்படுவதை வெளியீட்டுக்கு முன்பே களைவதும்தான் அதற்குப் பெரிய காரணம். 1999 மார்ச்சில் டெபியன் 2.1இல் ஆப்ட் வந்ததற்கு முன், சார்ந்த பேக்கேஜ்களைப் பெரும்பாலும் ஆளே தேடிப்பிடித்து அடுக்க வேண்டியிருந்தது.

பேக்கேஜ்கள் இந்தப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தன? 2000களின் தொடக்கத்தில் இணையம் மெதுவாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது. மாதப் பத்திரிகையோடு வந்த சிடிக்காகவே 'லினக்ஸ் ஃபார் யூ' வாங்கியவர்கள் உண்டு. உபுண்டு 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவச சிடியைத் தபாலில் அனுப்பியது. கல்லூரி ஆய்வுகூடத்தில் அறுபது கணினிகள் ஒரே பேக்கேஜை அறுபது முறை இறக்கினால் லைன் தாங்காது. ஒரு கணினியில் மட்டும் பேக்கேஜ் களஞ்சியத்தின் நகலை வைத்து மற்றவற்றை அதன் பக்கம் திருப்பிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டற்ற மென்பொருள் ஆய்வுகூடப் பாடத்திட்டத்தில் இது ஒரு பயிற்சியாகவே இருந்தது: பேக்கேஜ்களைக் கட்டு, களஞ்சியமாக அடுக்கு, மற்றக் கணினிகளை அதிலிருந்து எடுக்க வை. செய்முறைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பயிற்சிகளுக்கு நடுவே இது உருப்படியான ஒன்று. இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் வேலைக்குப் போன இடத்தில் திணறுவதில்லை.

அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு முயற்சி இருந்தது. 2005இல் மத்திய அரசின் ஆதரவோடு சென்னையில் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதிலிருந்து 2007இல் பாஸ் லினக்ஸ் வந்தது. அது டெபியனை அடியாகக் கொண்டது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸின் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் ஏறி வந்தது. பொள்ளாச்சியிலும் கோபியிலும் அரசுப் பள்ளி மாணவர்கள் கையில், அவர்கள் அறியாமலேயே, டெபியனின் முழுப் பேக்கேஜ் பொறியும் இருந்தது. பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. கொடுத்தவர்கள் கற்றுக்கொடுக்கவும் ஏற்பாடு செய்திருக்கலாம்.

நகல் களஞ்சியம் என்றதும் நியாயமான பயம் எழும். நடுவில் இருக்கும் ஆள் பேக்கேஜுக்குள் எதையாவது செருகிவிட்டால்? 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0இல் இதற்கு விடை வந்தது. ஒவ்வொரு பேக்கேஜின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். எல்லாப் பேக்கேஜ்களின் எண்களும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலுக்கும் ஓர் எண், அது 'ரிலீஸ்' என்ற கோப்பில் இருக்கும். அந்த ஒரே கோப்பில் டெபியன் தன் மின்கையொப்பத்தை இடுகிறது. உங்கள் சர்வரில் டெபியனின் பொதுத் திறவி இருந்தால் போதும். பேக்கேஜ் ஐஐடி நகலிலிருந்து வந்தாலும், பக்கத்து ஆய்வுகூடத்திலிருந்து வந்தாலும், யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த களஞ்சியத்திலிருந்து வந்தாலும், சங்கிலி பொருந்தாவிட்டால் ஆப்ட் ஏற்காது. கையொப்பம் சரியில்லை என்ற எச்சரிக்கையை அணைக்கும் வழியை எங்கோ படித்து அப்படியே ஒட்டிவிடுகிற அட்மின்கள் இந்தச் சங்கிலியை வெட்டி எறிகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையொப்பம், 'இதை டெபியன்தான் அனுப்பியது' என்று மட்டுமே சொல்லும். அனுப்பியதில் பிழை இருந்தால்? இருந்தது. 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பராமரித்தவர், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று புகார் சொன்னதால் நிரலில் ஒரு சிறு பகுதியை நீக்கினார். சமவாய்ப்பு எண்ணுக்கு வேண்டிய, யூகிக்க முடியாத கலவையைச் சேர்த்த பகுதி அது. பிறகு மிஞ்சிய ஒரே கலவை ஓடும் நிரலின் வரிசை எண்தான். அந்த எண்ணின் உச்ச வரம்பு 32,768. கோடிகோடியாக இருக்க வேண்டிய ரகசியத் திறவிகள், ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய முப்பத்திரண்டாயிரமாகச் சுருங்கின. ஒரு சாதாரணக் கணினியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் உறுப்பினர் கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது.

ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, பழைய ஓட்டைத் திறவிகள் உலகெங்கும் சர்வர்களில் கிடந்தன. டெபியன் அதற்கும் ஒரு பேக்கேஜ் போட்டது. கெட்ட திறவிகளின் பட்டியலே அந்தப் பேக்கேஜ். அப்டேட் செய்த சர்வர், பட்டியலில் உள்ள திறவியோடு யார் வந்தாலும் உள்ளே விட மறுத்தது. பேக்கேஜ் முறையின் வழியாகப் பரவிய நோய்க்கு அதே வழியில் மருந்து போய்ச் சேர்ந்தது. யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கணக்கு ஒவ்வொரு சர்வரிலும் இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது.

டெபியனின் ஸ்டேபிள் வெளியீடு வேண்டுமென்றே பழையதாக இருக்கும். வெளியான பின் பெரும்பாலும் புதிய பதிப்புகள் வராது. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பிலேயே தைக்கிறார்கள். ஏற்றுமதிக் கம்பெனியின் சர்வரைத் தணிக்கை செய்ய வரும் மென்பொருள், பதிப்பு எண்ணின் முன்பாதியை மட்டும் பார்த்து 'இது பழசு, ஆபத்து' என்று சிவப்பு மையில் அறிக்கை தரும். பின்னால் ஒட்டியிருக்கும் 'டெப்12யு3' போன்ற வாலைக் காட்டி, திருத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று விளக்குவது அட்மினின் வேலை. இந்த மெத்தனத்துக்குப் பலனும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கு லைப்ரரியில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக் கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அம்பலப்படுத்தினார். லாகின் அரை நொடி தாமதமாவது அவருக்கு உறுத்தியிருந்தது. அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தது, ஸ்டேபிளுக்கு வரவில்லை.

சென்ட்ஓஎஸ் கதை வேறு மாதிரி. ரெட் ஹாட்டின் சர்வர் இயங்குதளத்தைக் காசில்லாமல் தந்ததால் இந்த வட்டாரத்தின் ஈஆர்பி சர்வர்களிலும் அது நிறையவே ஏறியிருந்தது. 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை ஆதரிக்கப்படும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 முடிவோடு அது நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். எட்டு வருடம் ஒரே அறிவிப்பில் கரைந்தது. பலர் ஆல்மாலினக்ஸுக்கும் ராக்கி லினக்ஸுக்கும் போனார்கள். சென்ட்ஓஎஸ் 7இலேயே தங்கியவர்களுக்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். அதன்பின் நகல் பட்டியல் தந்த முகவரியே அணைக்கப்பட்டது. சென்ட்ஓஎஸின் பேக்கேஜ் கருவியான யம்முக்குக் கட்டளை கொடுத்தால் முகவரி கிடைக்கவில்லை என்று திரும்பியது. மென்பொருள் கெட்டுவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போய்விட்டார்கள். இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு நிறுவனத்தின் முடிவில் நிற்பது ஒன்று. டெபியனைப் போல ஏறக்குறைய ஆயிரம் உறுப்பினர்களின் வாக்கில் நிற்பது மற்றொன்று. அந்த உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் 2023 செப்டம்பரில், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் கொச்சியில், தங்கள் ஆண்டு மாநாட்டுக்குக் கூடினார்கள்.

இத்தனை கணக்கு வைத்திருக்கும் டிபிகேஜி ஓரிடத்தில் மட்டும் கையை விரித்துவிட்டு மனிதரிடம் கேட்கிறது. அமைப்புக் கோப்புகள்தான் அந்த இடம். பேக்கேஜோடு வந்த அமைப்புக் கோப்பை அட்மின் தன் தேவைக்கு மாற்றியிருப்பார். அச்சுப்பொறி முகவரி, டேட்டாபேஸ் நினைவக அளவு, பாண்டிச்சேரி கிளைக்கு மட்டும் திறந்த வாசல் என்று எதுவாகவும் இருக்கலாம். புதிய பதிப்பு தன் அமைப்புக் கோப்போடு வருகிறது. டிபிகேஜி முதலில் வந்த மூலக் கோப்பின் எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. அட்மின் கை வைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் புதியதைப் போடுகிறது. அட்மின் மாற்றியிருந்து, பேக்கேஜ்காரர் மாற்றவில்லை என்றால் அட்மினுடையதைத் தொடுவதில்லை. இருவரும் மாற்றியிருந்தால் மட்டும் நிறுத்திக் கேட்கிறது: உங்களுடையதா, புதியதா? பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் உங்களுடையது நிலைக்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். இரவில் அவசரமாக என்டர் தட்டியவர் மறுநாள் காலை கூட்டம் வருமுன் இரண்டையும் டிஃப் போட்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. புதிய பதிப்பு எதிர்பார்க்கும் ஏதோ ஒரு வரி அதில் இருக்கக்கூடும்.